பொன்னியின் செல்வன் நாடகம்: கடம்பூர் கொலை சீனை திறந்தவெளியில எப்படி போடுறது?

திருவலம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் பசங்க சேர்ந்து பொங்கலுக்கு பொன்னியின் செல்வன் நாவல்ல, கடம்பூர் மாளிகையில சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையாகுற பகுதிய மட்டும் எடுத்து ஒன்றரை மணி நேர நாடகமா போடப் போறோம். வந்தியத்தேவன் வாணர் குலம், அந்த வாணர்களுக்கு நம்ம திருவலம்தான் ஊரு, கோயில்லயே அவங்க காலத்து கல்வெட்டு இருக்கு, அதனால பசங்களுக்கு இதுல ஒரு வெறி. பிரச்சனை என்னன்னா நாவல்ல விளக்கு அணைஞ்சு இருட்டுலதான் எல்லாம் நடக்குது. எங்க மேடை ஸ்கூல் கிரவுண்ட், சுத்தி தெருவிளக்கு, இருட்டுக்கு வழியே இல்ல. ரிகர்சல்ல கரிகாலன் சும்மா தொப்புனு விழுறான், பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. அப்புறம் கொலைகாரன் இவன்தான்னு நாங்களே ஒருத்தர காட்டிடலாமா?

கூத்துப்பைத்தியம்:
தம்பி, இருட்ட தேடாத, திரைய புடி. நம்ம வட ஆற்காட்டு கூத்துல ராத்திரி பூரா வெளிச்சத்துலதான ஆடுறாங்க, ரெண்டு பேர் திரை புடிச்சிக்கினு நிப்பாங்க, வேஷக்காரர் பின்னாடி நின்னு பாடுவாரு, கிரீடம் கொஞ்சம் தெரியும், சலங்கை சத்தம் கேக்கும், அதுக்கே ஜனம் எழுந்து உக்காரும். அதையே கொலைக்கு வை. கரிகாலனும், அவன பழிவாங்கத் துடிக்கிற நந்தினியும் பேசிக்கினு இருக்கும்போதே திரை ஏறட்டும், மத்தளம் வேகமா ஏறி சட்டுனு நிக்கட்டும், அப்புறம் ஒரே ஒரு சலங்கை சத்தம். திரைய இறக்கும்போது அவன் கீழ கெடக்கணும், வந்தியத்தேவன் பக்கத்துல நிக்கணும், அவ்ளோதான். கொலைகாரன காட்டவே காட்டாத. முடிவு தெரிஞ்சாலும் ஜனம் பாக்கும்: பாரதக்கூத்து முடிவுல வர்ற படுகளத்துல துரியோதனன் சாகப்போறான்னு தெரிஞ்சுதான் கொளுத்துற வெயில்ல நின்னு பாக்குறோம்.

கல்வெட்டுப்பிரியை:
அண்ணா சொல்றதுதான் சரி. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கல்வெட்டுல, ராஜராஜன் 2ஆம் ஆட்சியாண்டு, கரிகாலன கொன்ன துரோகிங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேரெல்லாம் வருது. ஆனா அது அவங்க உறவுக்காரங்க நிலத்த பத்தின விவகாரம், கொலை எப்படி நடந்துச்சுன்னு அதுல இல்ல. நிஜத்துலயே அது திரைக்குப் பின்னாடிதான் கெடக்கு. கட்டியக்காரன் வேஷத்துல, அதான் கூத்துல கதைய அறிவிக்கிற கோமாளி, ஒருத்தர விட்டு அந்த பேர மட்டும் கடைசியில படிக்க வைங்க. முடிஞ்சா பசங்கள மேல்பாடிக்கு கூட்டிட்டு போங்க, கரிகாலனோட தாத்தா அரிஞ்சயனுக்கு ராஜராஜன் கட்டின பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், பொன்னையாத்து ஓரமா இருக்கு. அங்க போய் நின்னுட்டு வந்தா அந்தப் பையன் சும்மா விழ மாட்டான்.

காட்பாடி_ரயில்:
சென்னையில மேஜிக் லாந்தர்ன் குழு 1999லயே பொன்னியின் செல்வன நாடகமா நந்தனம் ஒய்எம்சிஏ திறந்தவெளி அரங்குலதான் போட்டாங்க, அதனால கூரை இல்லன்னு பயப்படாதீங்க. கல்கி எழுத்து நாட்டுடைமை, ரைட்ஸ் தொல்லையும் இல்ல. ஒன்னு மட்டும் சொல்றேன், நந்தினி வசனத்த வெட்டாதீங்க ப்ளீஸ், அவ கோவம் புரியலன்னா இந்த கொலையே புரியாது.

திருவலம்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. நேத்து ரெண்டு வேட்டிய ஒன்னா தைச்சு திரை புடிச்சு பாத்தோம், மத்தளம் நின்னதும் கிரவுண்ட்ல கிரிக்கெட் ஆடிட்டு இருந்த பசங்க ஆட்டத்த நிறுத்திட்டு திரும்பி பாத்தாங்க. நந்தினி வசனம் முழுசா திரும்ப சேத்துட்டோம். ஞாயித்துக்கிழமை மேல்பாடி போறோம்.