பத்திரம் இருந்தால் பதிவு ஆகிவிடுமா?

தொழில் விதிகள் என்றாலே பலரும் சொல்வது அலுவலகங்களில் அலைக்கழிக்கப்பட்ட கதைகளைத்தான். யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு விதியால், அதாவது கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்யும் விதியால், நேர்ந்த சிக்கலை நான் எழுதுகிறேன். சேலத்தில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில்.

செவ்வாய்ப்பேட்டையில் மாமனும் மச்சானுமாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் இருவர், வெளிமாநில வியாபாரி ஒருவருக்குக் கடனில் அனுப்பிய சரக்குக்குப் பணம் வராததால் வழக்கறிஞரை நாடினார்கள். முத்திரைத்தாளில் எழுதிய பார்ட்னர்ஷிப் (கூட்டாண்மை) பத்திரம், நிறுவனப் பெயரில் பான் அட்டை, ஜிஎஸ்டி எண், நடப்புக் கணக்கு எல்லாம் இருந்தன. வழக்கறிஞர் கேட்டதோ, நிறுவனத்தை அரசுப் பதிவாளரிடம் பதிந்ததற்கான சான்று. “சொந்தத்துக்குள்ள அது வேற எதுக்குங்க?” என்றார் மாமன்.

1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. பதியாதவருக்கு அபராதமும் இல்லை. ஆனால், பதியாத நிறுவனம் ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டியதைக் கேட்டு வெளியார்மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது அதன் 69ஆவது பிரிவு. அந்த வெளியார் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர எந்தத் தடையும் இல்லை. விதியிலிருந்து விலகி நிற்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு நீதிமன்றக் கதவை மூடிக்கொள்ளும் இந்த ஏற்பாடு, அபராதத்தைவிடக் கடுமையானது என்பது என் கருத்து. உறவுக்குள் காகிதம் கேட்பதையே அவமதிப்பாகக் கருதும் நம்மவர்கள், அந்தப் பதிவு உறவுக்காரருக்காக அல்ல, வெளியாரிடம் உரிமை கேட்பதற்காகவே என்பதைப் பணம் முடங்கிய பிறகுதான் காதில் வாங்குகிறார்கள்.

நல்லவேளையாக, சரக்குக் கடனுக்கு வழக்குத் தொடர உள்ள மூன்றாண்டுக் கெடு அப்போது முடிந்திருக்கவில்லை. வழக்குப் போட்டபின் பதிந்தால் அந்த வழக்கு நிற்காது என்பதால், முதலில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டு அதன்பிறகே வழக்குத் தொடர்ந்தார்கள்.

இதற்கிடையே மச்சானுக்குப் பட்டறையைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக்கும் ஆசை வந்துவிட்டது. குறைந்தபட்ச மூலதன நிபந்தனையை 2015இல் நீக்கிவிட்டார்களே என்பது அவர் வாதம். தொடங்குவது எளிதுதான், ஆனால் விற்றுமுதல் எவ்வளவு சிறிதாயினும் ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும், ஆண்டறிக்கையையும் கணக்கையும் அரசிடம் தாக்கல் செய்யக் கெடு தாண்டினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கட்ட வேண்டும் என்று விளக்கினேன். மாமன் அத்துடன் எழுந்துவிட்டார். மச்சான் மட்டும் இன்னும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.