இடைமுக வடிவமைப்பின் வரலாற்றை எங்கிருந்து கற்பிக்கத் தொடங்கலாம்?

பாலிடெக்னிக் ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். இந்தப் பருவத்தில் கணினிப் பொறியியல் பட்டய மாணவர்களுக்குப் பயனர் இடைமுக வடிவமைப்பு நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. முதல் வகுப்பிலேயே ஒரு மாணவர், "நிரல் சரியாக ஓடினால் போதாதா ஐயா? பொத்தானின் நிறத்தையும் படத்தையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமே" என்று கேட்டார், மற்றவர்களும் தலையசைத்தார்கள். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை அவையோர் முன் இயக்கிக் காட்டியதையும், 1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினி வந்ததையும் சொல்லிப் பார்த்தேன். கருவிகள் வந்த கதையாகவே அவற்றைக் கேட்டுக்கொண்டார்கள். வடிவமைப்பு ஏன் முக்கியம் என்பது மனத்தில் பதிய, எந்த நிகழ்விலிருந்து தொடங்குவது நல்லது?

பழைய நிரலாளர்:
ஐயா, ஒரு பிழையிலிருந்து தொடங்குங்கள். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1974இல் பிராவோ என்ற உரைத்தொகுப்பி உருவானது. அச்சில் வருவது போலவே எழுத்துகளைத் திரையில் காட்டிய முன்னோடி அது. ஆனால் அதில் இரண்டு நிலைகள் இருந்தன: கட்டளை நிலையில் ஒவ்வோர் எழுத்து விசையும் ஒரு கட்டளை, உரை நிலையில் அதே விசை வெறும் எழுத்து. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது அதை நீக்கும், மூன்றாவது புதிய உரையைச் செருகும் நிலைக்குக் கொண்டுபோகும், எஞ்சிய கடைசி எழுத்து மட்டும் வெற்றுத் திரையில் தனியே நிற்கும். கொடுத்த கட்டளைகளை நிரல் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறது. எழுதியவரின் உழைப்போ கண்முன்னே மறைந்துவிட்டது. உங்கள் மாணவரின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அதே ஆய்வகத்தில் பணியாற்றிய லாரி டெஸ்லர் இத்தகைய நிலைகளை ஒழிப்பதையே தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டார். 'நிலைகள் வேண்டா' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தம் காரின் எண் பலகையிலேயே பொறித்திருந்தார். அவரும் டிம் மாட்டும் ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்துக்காக 1975 வாக்கில் உருவாக்கிய ஜிப்சி என்ற தொகுப்பியில், எழுத்து விசை எப்போதும் எழுத்தையே தந்தது. அதற்கு முன் பதிப்பாசிரியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அருகிலிருந்து கவனித்தார்கள். தாளைக் கத்தரித்து வேறிடத்தில் ஒட்டும் அவர்களது பழக்கமே இன்று நாம் திரையில் செய்யும் வெட்டி ஒட்டுதலாக வந்தது. அந்தக் கவனிப்புதான் வடிவமைப்பு என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

கட்டுப்பாட்டறை:
முன்னவர் சொன்னது முற்றிலும் சரி. ஆயினும் ஓர் ஆவணம் அழிந்ததைப் பதினெட்டு வயது மாணவர்கள் சிறிய இழப்பாக எண்ணக்கூடும். ஆகவே 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று மீண்டும் மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. மூடுவதற்கான மின் சமிக்ஞை போனதை மட்டுமே அந்த விளக்கு காட்டியது, வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை. வால்வு மூடிவிட்டதென்று பணியாளர்கள் நம்பியிருக்க, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் மையப்பகுதி ஓரளவு உருகியது. பயிற்சிக் குறைபாடு உட்பட வேறு காரணங்களும் இருந்தன என்பதை மறைக்கக் கூடாது. எனினும் பின்னர் அந்தக் கட்டுப்பாட்டறையை ஆராய அழைக்கப்பட்டவர்களுள் ஒருவரான உளவியலாளர் டொனால்ட் நார்மன், பணியாளர்களைவிட வடிவமைப்பின் மீதே குறையைக் கண்டார். 'அனுப்பப்பட்டது' என்று ஒரு செயலி காட்டினால், செய்தி புறப்பட்டதைச் சொல்கிறதா, போய்ச் சேர்ந்ததைச் சொல்கிறதா என்று உங்கள் மாணவர்களைக் கேளுங்கள்.

தட்டச்சுப் பயிற்றுநர்:
நிலைச் சிக்கல் பழங்கதை அன்று என்பதற்கு நம் தமிழ்த் தட்டச்சே சான்று. என்னிடம் பயில்வோர் கையெழுத்துப் படியைப் பார்த்தபடியே தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் ஒரு பத்தியைத் தட்டி முடித்து நிமிரும்போது, ஆங்கில விசைப்பலகை இயங்கியதால் திரை முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துகள் நிற்பதை அடிக்கடி காண்கிறேன். எந்த மொழி இயங்குகிறது என்ற குறியீடு திரையின் ஓரத்தில் இருக்கிறது. எழுதுபவரின் கண்ணோ தாளிலோ கர்சரிலோ இருக்கிறது. ஒரே விசைப்பலகையில் இரண்டு எழுத்துமுறைகள் இருக்கும்வரை நிலைகளே வேண்டா என்று நம்மால் சொல்ல இயலாது. மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் இதற்கு நல்லதொரு வழியைச் சுட்டினார்: ஷிஃப்ட் விசையைப் போல விரல் அழுத்தியிருக்கும் வரை மட்டுமே நீடிக்கும் நிலையை எவரும் மறப்பதில்லை, கேப்ஸ் லாக்கைப் போல அழுத்திவிட்டுக் கையெடுத்த பின்னும் நீடிப்பதே நம்மை ஏமாற்றுகிறது.

பாலிடெக்னிக் ஆசிரியர்:
மூவருக்கும் மிக்க நன்றி. அடுத்த வகுப்பில் எதையும் விளக்குவதற்கு முன், மாணவர்களைத் தாளைப் பார்த்தபடி தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறிமாறித் தட்டச் சொல்லப்போகிறேன். தாம் செய்த பிழைகளை அவர்கள் எண்ணி முடித்த பிறகு பிராவோவின் கதையைச் சொல்கிறேன்.