டெங்கி என்று சொல்லச் சொன்னார்கள்

தேக்கா மல்லி:
2018. சித்தி மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாம் நாள். உயிரை விட முயன்று பிழைத்தவன். லிஃப்ட் வாசலிலேயே சித்தி என்னைப் பிடித்துக்கொண்டார். "யார் கேட்டாலும் டெங்கின்னு சொல்லிடு." கூடம் நிறைய ஆட்கள். மைலோ டின், ஆரஞ்சுப் பழம், ஆளாளுக்குக் கொசுப் பேச்சு. அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். தம்பி சோபா ஓரத்தில், கையில் இன்னும் வெட்டாமல் இருந்த ஆஸ்பத்திரிப் பட்டையை உருட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, நீங்களாவது கேளுங்களேன்" என்றான். நான் கேட்டது என்ன தெரியுமா? "சாப்பிட்டியா?" தலையை ஆட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். இன்றுவரை அது என்னை விடவில்லை.

ஈசூன் அம்மா:
மல்லி, சித்தியைத் தப்பாக நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் மறைத்தேன். 2016, என் மகள். அப்போது சிங்கப்பூரில் தற்கொலை முயற்சியே குற்றம், தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை. வழக்குப் போடுவது அபூர்வம் என்று பின்னால்தான் தெரிந்தது, அன்றைக்கு யார் சொன்னார்கள்? வார்டுக்கு வந்த போலீஸ்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். ஆனால் மகள் கண் திறந்து சீருடையைப் பார்த்ததும், "அம்மா, என்னைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களா?" என்றாள். பிழைத்து வந்த பிள்ளை வாயில் முதலில் வர வேண்டிய கேள்வியா அது? 2020 ஜனவரி 1 முதல் அது குற்றமில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று அடுப்படியில் நின்று அழுதேன்.

ஜூரோங் வாசு:
அம்மா, உங்கள் பயம் நியாயம். ஆனால் சட்டம் மாறிய பிறகும் டெங்கிக் கதை ஓயவில்லையே? இப்போது எந்தப் போலீசுக்குப் பயம்? சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குத்தானே! 2022இல் மட்டும் இந்தச் சின்ன ஊரில் தற்கொலையில் 476 பேரை இழந்திருக்கிறோம்.

என் கதை சின்னது. காப்பிக் கடையில் தினமும் பார்க்கும் அண்ணன், "இருந்து என்ன செய்யப்போறோம்" என்றார். "சும்மா இருங்கண்ணே" என்று பேச்சை மாற்றிவிட்டேன். அடுத்த வாரம் வார்டில் பார்த்தேன். நல்ல வேளை, பிழைத்தார்.

அதனால் சொல்கிறேன், நேராகக் கேளுங்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் எண் 1767, எந்நேரமும் எடுப்பார்கள். ஆபத்து கண்ணெதிரே என்றால் ஆம்புலன்சுக்கு 995. வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் ரொம்பக் கவனம். டாக்டரை மறுபடி பார்க்கப் போகும்போது கூடப் போங்கள். மாத்திரைகளை யார் வைத்துக்கொள்வது என்று பிழைத்து வந்தவரிடமே பேசி முடிவு செய்யுங்கள், ஒளித்து வைக்காதீர்கள். "பெத்தவங்களை நினைச்சுப் பார்த்தியா" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் நினைக்காமலா இருந்திருப்பார்கள்?

பெயர் வேண்டாம்:
நான் வார்டில் படுத்திருந்தவள். வாசு அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் அதையே கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். எனக்கு ஒருத்தி போதுமாக இருந்தது. சனிக்கிழமைதோறும் வருவாள். புளோக் கீழே கல் மேசையில் உட்காருவோம். மழை வருமா என்று கேட்கிற அதே குரலில், "இந்த வாரம் அந்த நினைப்பு வந்துச்சா?" என்பாள். வந்தது என்றால் பதறமாட்டாள். எந்த நாள், என்ன நேரம் என்று கேட்டுக்கொண்டே தே ஓ-வை, அதுதான் பால் சேர்க்காத தேநீரை, என் பக்கம் தள்ளுவாள். ஒரு சனிக்கிழமை யோசித்துப் பார்த்து, "வரலை" என்றேன். எனக்கே ஆச்சரியம். மல்லி அக்கா, இப்போதும் கேட்கலாம்.

தேக்கா மல்லி:
நேற்றுப் போனேன். சித்தி கடைக்குப் போகும்வரை காத்திருந்தேன். "அன்னிக்கு நான் கேட்டிருக்கணும்டா. இப்போ சொல்றியா?" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் டிவியை அணைத்தான்.