யானையை விரட்டினால் பத்துப் புள்ளி: எங்கள் விளையாட்டில் எங்கே பிசகியது?

கேட்டவர்: மாடியறை, கூடலூர்

வணக்கம். நாங்கள் மூன்று பேர். இரண்டு பேர் கோவையில் ஐந்து வருடம் கேம் புரோகிராமிங் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள், மூன்றாமவள் படம் வரைவாள். மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், மழை வந்தால் போய்விடும் கரண்ட், இதுதான் ஸ்டுடியோ. ஊருக்குப் பயன்படுகிற விளையாட்டு மட்டுமே செய்வது என்று பேசி வைத்துத்தான் தொடங்கினோம். முதலில் எடுத்தது யானை. ஏன் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் முதுமலை, ஒரு பக்கம் வயநாடு, நடுவில் தேயிலை, காப்பி, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள். யானை காலங்காலமாக நடந்த வழியில் நாம் குடியிருக்கிறோம்.

நாங்கள் செய்த மாதிரி விளையாட்டு இதுதான். ராத்திரியில் ஓர் ஒற்றை யானை தோட்டத்துக்குள் வரும், டார்ச், தகர டப்பா, பட்டாசு வைத்து அதைக் காட்டுக்குத் திருப்ப வேண்டும். திருப்பினால் பத்துப் புள்ளி. நடுநடுவே யானை ஏன் முக்கியம் என்று தகவல் அட்டைகள் வரும். ஒரு பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தோம். அட்டை வந்ததும் ஒருவர் விடாமல் படிக்காமலே தள்ளிவிட்டார்கள். பட்டாசு யானையின் மேல் பட்டபோது கைதட்டினார்கள். ஒரு பையன் மட்டும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவரை யானை அடித்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொரு பாப்பா, "நான் யானையாக ஆடலாமா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து மனசு ஒப்பவில்லை. பிள்ளைகள் ரசித்தது உண்மைதான், ஆனால் நாங்கள் சொல்லிக்கொடுத்தது நேர் எதிரான ஒன்று. எதை மாற்றுவது? யானையின் பக்கம் நின்று செய்வதா, மனுசன் பக்கம் நின்று செய்வதா? அப்புறம், இப்படிப்பட்ட விளையாட்டை மட்டும் வைத்து ஒரு ஸ்டுடியோ பிழைக்க முடியுமா?

பதில்: பகடை

அட்டை ஒன்று சொல்கிறது, புள்ளி வேறொன்று சொல்கிறது. பிள்ளைகள் புள்ளியைத்தான் நம்புவார்கள், நம்புவதுதான் சரி, ஏனென்றால் விளையாட்டின் பேச்சு அதன் விதியில்தான் இருக்கிறது. அட்டையை எத்தனை அழகாக எழுதினாலும் இது மாறாது.

போலந்தில் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். முற்றுகையில் மாட்டிய நகரம், ஆடுபவர் சிப்பாய் இல்லை, சாப்பாடும் மருந்தும் தேடும் சாதாரண ஆள். அதில் வயதான ஒரு தம்பதியின் வீட்டில் நீங்கள் திருடலாம், விளையாட்டு தடுக்காது. திருடிக்கொண்டு வந்த அப்புறம் உங்கள் ஆட்கள் மனம் உடைந்து போவார்கள். திருட்டு தப்பு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. 2020இல் போலந்து அரசு அதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது, காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் விளையாட்டில் விரட்டுவதை வேலையாகக் கொடுக்காதீர்கள். இருட்டுவதற்குள் தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்திலிருந்து லயன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் வேலை. யானை எங்கே என்று தெரியாது. முறிந்த கிளை, சூடு ஆறாத சாணி, திடீரென்று குரைக்கிற நாய், இதைப் பார்த்து வழியை மாற்றலாம், காத்திருக்கலாம், யாரையாவது கூப்பிடலாம்.

அந்தப் பாப்பா கேட்டதை விட்டுவிடாதீர்கள். பாதி ஆட்டம் யானையாக இருக்கட்டும், ஆனால் யானைத் தோல் போர்த்திய மனுசனாக இருக்கக் கூடாது. யானைக்கு உலகம் பெரும்பாலும் வாசனைதான். தாய்லாந்தில் செய்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது: மூடி வைத்த இரண்டு வாளிகளில் எதில் சூரியகாந்தி விதை அதிகம் என்று யானைகள் மோந்தே கண்டுபிடித்தன. நமக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியில் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அப்படியென்றால் திரையில் வீடுகள் மங்கலாகத் தெரியட்டும், பழுத்த பலாவின் வாசனை மட்டும் தூரத்திலிருந்து மஞ்சளாக மிதந்து வரட்டும். அதே லயன், அதே ராத்திரி, இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம்.

பதில்: பந்தலூர் டீச்சர்

தம்பி, பகடை சொன்ன பலாப்பழம் கற்பனை இல்லை. சீசனில் மரத்தில் பழுக்க விட்டால் யானை வாசலுக்கே வரும், அதனால்தான் காயாக இருக்கும்போதே இறக்கச் சொல்கிறார்கள். வாழை, வீட்டுக்குள் இருக்கிற அரிசி, உப்பு, ரேஷன் கடை, எல்லாம் அதற்குத் தெரியும். விளையாட்டில் இதையெல்லாம் செய்ய வையுங்கள், பலாவை முன்கூட்டியே இறக்குவது, வாசலில் விளக்குப் போடுவது, வீட்டைச் சுற்றிய புதரை வெட்டுவது. பட்டாசைவிட இது எங்களுக்கு உதவும்.

இன்னொன்று. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர் ஆய்வு அமைப்பின் ஆட்கள் வருடக்கணக்காகக் கவனித்ததில், உயிர் போனவர்களில் பெரும்பாலோர் யானை அங்கே நிற்பது தெரியாமலே நேருக்கு நேர் போனவர்கள் என்று தெரிந்தது. அதனால் யானை நிற்கிற இடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள், உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள், அந்தந்தப் பகுதி ஆட்களே செல்போனிலிருந்து அதை எரிய வைக்கலாம். பார்த்தவர் விளக்கைப் போட்டால்தான் பின்னால் வருகிறவர் பிழைப்பார். இது ஒருவர் தனியாக ஆட முடியாத ஆட்டம், நான்கு பிள்ளைகள் நான்கு போனில் சேர்ந்து ஆடுகிற மாதிரி செய்ய முடியுமா என்று பாருங்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்த பையனை மறக்காதீர்கள். என் வகுப்பிலும் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். யானை ஆளை அடிப்பதைத் திரையில் காட்டவே வேண்டாம். ஆட்டம் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு அது இல்லாமலே வழி இருக்கும்.

பதில்: காட்டுப்பாதை

நான் பெட்டக்குறும்பர், இந்தக் காட்டுப் பழங்குடி. எங்கள் ஆட்கள் தலைமுறையாக முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமில் பாகர்களாக இருக்கிறார்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவும் இருக்கிறார்கள். இங்கே யானையோடு அதிக நாள் இருந்தவர்கள் நாங்களும் காட்டுநாயக்கரும் பணியரும்தான், ஆனால் யானை பற்றி யாராவது எதையாவது செய்யும்போது நாங்கள் பின்னணியில் நிற்கிற படமாகத்தான் வருகிறோம். உங்கள் விளையாட்டில் வழி சொல்கிற தாத்தா ஒருவரை வைப்பீர்கள் என்று இப்போதே தெரிகிறது. வைப்பதற்கு முன்னால் ஊருக்கு வாருங்கள்.

அலாஸ்காவின் இனுபியாட் பழங்குடி மக்களின் கதையை வைத்து 2014இல் 'நெவர் அலோன்' என்ற விளையாட்டு வந்தது. அதில் என்னைத் தொட்டது படமோ பனியோ இல்லை. அலாஸ்காவின் பழங்குடி மக்களுக்காக வேலை செய்கிற குக் இன்லெட் பழங்குடி மன்றமே அந்த விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கியது, பெரியவர்கள் உட்கார்ந்து எது சரி எது தப்பு என்று சொன்னார்கள், கதை அவர்கள் மொழியிலேயே ஒலிக்கிறது. எங்களிடம் கேட்டு எழுதினோம் என்று கடைசியில் நன்றி போடுவது வேறு, முதல் நாளிலிருந்து கூட உட்கார வைப்பது வேறு. வருகிறவர்களுக்கு அன்றைய கூலி கொடுங்கள். சில விஷயங்களை விளையாட்டில் வைக்கக் கூடாது என்று சொல்வோம், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பதில்: எழுத்துரு

நேராக வேலை விஷயம். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில், எழுத்துக் காட்டுகிற டெக்ஸ்ட்மெஷ் புரோ கருவியை வைத்துத் தமிழ் போட்டிருந்தால் உங்கள் தலைப்பே தப்பாக வந்திருக்கும், 'யானை'யில் 'ன'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறி பின்னால் போய் நிற்கும், 'கொம்பன்' இரண்டாக உடையும். கோடோ 4 என்ற இன்னொரு எஞ்சின் எழுத்துகளை ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோர்ப்பு மென்பொருள் மூலம் கோர்ப்பதால் தமிழ் ஒழுங்காக வருகிறது, இலவசம், திறந்த மூலம், விற்றாலும் பங்கு கேட்காது. பழைய போன்களுக்கு அதில் படம் வரைந்து காட்டுகிற முறைகளில் கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரைத் தேர்ந்தெடுங்கள். காட்டுப்பாதை சொன்னதோடு சேர்த்துப் பார்த்தால், எழுத்தைக் குறைத்துக் குரலை வைப்பதுதான் நல்லது, கூடலூரில் தமிழும் மலையாளமும் போக வீட்டுக்குள் பேசுகிற மொழிகள் எத்தனை.

பல எஸ்டேட்டுகளில் சிக்னல் கிடையாது. நெட் இல்லாமல் ஓட வேண்டும், டீச்சர் கேட்ட நான்கு போன் ஆட்டத்தை ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டில் செய்துவிடலாம். பிளே ஸ்டோரில் கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர், புதிய தனிநபர் கணக்கென்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும். டீச்சர்களையே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம்: கடையில் விற்று வருகிற காசில் இது நிற்காது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பிரைவேட் லிமிடெட்டுக்கு நன்கொடையாக வராது, அறக்கட்டளையோ, லாப நோக்கமில்லாத பிரிவு 8 நிறுவனமோ உரிய பதிவுகளோடு இருந்தால் அதன் வழியாக வரும், நீங்கள் அவர்களுக்குச் செய்துகொடுக்கிறவராக இருக்கலாம். மாதத்தில் பத்து நாள் வெளி வேலை எடுங்கள், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

மாடியறை, கூடலூர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று பேரும் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தோம். பட்டாசையும் புள்ளியையும் நேற்று ராத்திரியே எடுத்துவிட்டோம், இப்போது திரையில் ஒரு பாதையும் இருட்டும் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் முதல் தடவையாக எங்களுக்கே அதை ஆடும்போது பயமாக இருந்தது. எழுத்துரு, நீங்கள் சொன்ன மாதிரியே 'யானை' தப்பாகத்தான் இருந்தது, பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை, நாங்கள் அதைப் படம் மாதிரி வரைந்து ஒட்டிச் சமாளித்திருந்தோம். கோடோவுக்கு மாறுகிறோம்.

காட்டுப்பாதை அண்ணா, தாத்தா பாத்திரத்தை உண்மையில் வரைந்து வைத்திருந்தோம். நிறுத்திவிட்டோம். எப்போது வரலாம், யாரிடம் முதலில் கேட்க வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், கூலியைப் பற்றியும் பேசிக்கொள்ளலாம்.

டீச்சர், சனிக்கிழமை காலை பஸ்ஸில் பந்தலூர் வருகிறோம். நான்கு போன் கொண்டு வருகிறோம், ஆட்டம் இன்னும் இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து வருகிற பாதையை அவர்களே வரைந்து காட்டட்டும், அதிலிருந்து தொடங்குகிறோம். மழை பிடித்தால் அடுத்த சனி.