வெண்டை இலை மஞ்சளாகுது, யாராவது பாத்து சொல்லுங்க

மாசிப்பட்டத்துல மாடில 12 பைல வெண்டை போட்டேன், நல்லாதான் வந்துச்சு, இப்ப 3 செடில மட்டும் இலை நரம்பெல்லாம் வலை போட்ட மாதிரி மஞ்சளாயிடுச்சு, காயும் வெளுத்துப்போய் நாரா இருக்கு. செடிய ஆட்டினா இலைக்கு அடியில இருந்து வெள்ளையா குட்டி குட்டியா பறக்குது. சத்து பத்தலன்னு நெனச்சு மண்புழு உரம், பஞ்சகவ்யான்னு மாத்தி மாத்தி குடுத்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அக்கா இது நரம்புத்தேமல், வெள்ளை ஈ பரப்புற வைரஸ், மருந்தே கிடையாது, பிடுங்கிருன்றாங்க, பூ வெச்ச செடிங்க, மனசு வரல.

மீதி 9 செடிக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டிட்டேன், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கொஞ்சம் சோப்பு கலந்து சாயங்காலத்துல அடிக்கறேன், எத்தன நாளுக்கு ஒருக்கா அடிக்கணும்? அர்கா அனாமிகாங்கற வெண்டை ரக வெதை போட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா, உங்களுக்கு இந்த நோய் வந்துச்சா?