பிறபொருளெதிரி இருந்தால் பூனைக்கு எஃப்ஐபி என்று முடிவு செய்யலாமா?

கேள்வி (கொக்குவில்):
எங்கள் ஒன்பது மாதக் கடுவன் பூனைக்கு இரண்டு கிழமையாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. நுண்ணுயிர்க்கொல்லி ஊசிக்கும் அது அடங்கவில்லை. முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு மெலிந்திருக்க, வயிறு மட்டும் தண்ணீர்ப் பை போலத் தளும்புகிறது. குருதியில் கொரோனாவுக்கான பிறபொருளெதிரி இருப்பதாக வந்ததும், இது எஃப்ஐபி (பூனைக் கொரோனா வைரசால் வரும் வயிற்றறை அழற்சி நோய்), இனிப் பிழைக்காது, கருணைக்கொலை செய்துவிடுங்கள் என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு முடிவு போதுமா? வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தொற்றுமா?

பதில் (மிருக வைத்தியர், நல்லூர்):
போதவே போதாது. பூனைக் கொரோனா வைரசு மலத்தின் வழியாகப் பரவுவதால், பல பூனைகள் ஒரே மண்தட்டைப் பாவிக்கும் வீடுகளில் சுகமாக இருக்கும் பூனைகளிலும் பிறபொருளெதிரி சாதாரணமாகக் காணப்படும். அவற்றுள் சிலவற்றில்தான் வைரசு உடலுக்குள் மாற்றமடைந்து, வெண்குருதிக் கலங்களில் பெருகி, குருதிக்குழாய்களில் அழற்சியை உண்டாக்கி எஃப்ஐபி ஆகிறது.

உங்கள் பூனையைப் பொறுத்தவரை விடை வயிற்று நீரில் இருக்கிறது. ஊசியால் சிறிது எடுக்கச் சொல்லுங்கள். அது வைக்கோல் நிறத்தில், விரல்களுக்கிடையே நூலாக இழுபட்டு, லீற்றருக்கு 35 கிராமுக்கு மேல் புரதம் கொண்டிருந்தால் சந்தேகம் வலுக்கும். அதிலுள்ள அல்புமின், குளோபுலின் என்ற இரு புரதங்களின் விகிதம் 0.4 இலும் குறைந்தால் எஃப்ஐபிக்கான சாத்தியம் கூடும், 0.8 ஐத் தாண்டினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். ரிவால்ட்டா சோதனையும் எளியது: காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி செறிந்த அசற்றிக்கமிலம் கலந்து, அதன்மேல் வயிற்று நீரில் ஒரு துளி விட வேண்டும். துளி கரைந்து நீர் தெளிவாகவே இருந்தால் பெரும்பாலும் எஃப்ஐபி அல்ல. கரையாமல் நின்றாலும் அவசரப்பட வேண்டாம். பற்றீரியாத் தொற்றும் நிணநீர்ப் புற்றும் அப்படிக் காட்டக்கூடும் என்பதால், நீரை நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பிசிஆரும் செய்வது நல்லது.

பிள்ளைகளுக்குத் தொற்றாது, இது கோவிட் வைரசு அல்ல.

பதில் (சுன்னாகம்):
தங்கச்சி, மனம் தளர வேண்டாம். எங்கள் பூனைக்கு வயிறு வீங்கவேயில்லை. ஒரு கண்ணின் பச்சை மங்கிப் பழுப்பாகி, பின்கால்கள் தள்ளாடத் தொடங்கிய பிறகே வயிற்றில் நீர் சேராத உலர் வகை எஃப்ஐபி என்று பிடிபட்டது. 2019 இல் கலிபோர்னியாவில் ஆய்வு முடிவுகள் வெளியான ஜிஎஸ்-441524 மருந்தை, வைத்தியரின் கண்காணிப்பில் 84 நாள் கொடுத்தோம். அளவு நிறையைப் பொறுத்தது என்பதால் ஒவ்வொரு கிழமையும் அரிசி நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்தேன். இப்போது மதிலேறித் திரிகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி டொக்டர், நன்றி அக்கா. இன்று காலை நீர் எடுத்தார்கள். மஞ்சளாக இழுபட்டது, துளியும் கரையாமல் நின்றது. பிசிஆர் முடிவு வரும்வரை கருணைக்கொலைப் பேச்சை நிறுத்திவிட்டோம்.