தண்ணிப் பைப்படி வீடு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த சில்லறைக் கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. அதை யாரும் வாசித்ததாக நினைவில்லை. நானா கடை என்றால் போதும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானா தாராள மனசுக்காரர் இல்லை. கால் கிலோ பருப்பு கேட்டால், தட்டு கொஞ்சம் தாழ்ந்ததும் விரலால் கிள்ளி எடுப்பார். மறுபடி எடுப்பார். கடைசியில் மனம் கேட்காமல் நாலு பருப்பைத் திரும்பப் போடுவார். பிறகுதான் பழைய வீரகேசரித் தாளில் சரை சுற்றி, கூரையில் தொங்கும் நூல்கட்டையிலிருந்து நூலை இழுத்துக் கட்டுவார். மிச்சம் ஒரு ரூபாய் என்றால் டொபிதான். "சில்லறை இல்லை மகள்" என்பார். அவர் லாச்சியை மூடும்போது உள்ளே காசு கிலுங்கும்.

கடன் கொப்பி என்று வந்தால் ஆள் வேறு. காதில் செருகிய பென்சிலை எடுத்து எழுதுவார், அவ்வளவுதான். எப்போது தருவீர்கள் என்று யாரையும் கேட்டதில்லை. கொப்பியில் ஆட்களின் பெயரும் கிடையாது. மாடி வீடு, டீச்சர் வீடு, கோழிக்கார வீடு. நாங்கள் தண்ணிப் பைப்படி வீடு. ஒழுங்கைக்குப் பொதுவான குழாய் எங்கள் வாசலில்தான் இருந்தது.

அவர் நிறுக்காமல் சாமான் கொடுத்தது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நாள். 1996 மார்ச் 17, உலகக் கிண்ண இறுதிப் போட்டி. சீனி வாங்கப் போனேன். கடைக்குள் இருந்த சின்ன டீவியைச் சுற்றி ஒழுங்கையே நின்றது. இலங்கைக்கு 23 ஓட்டத்துக்கு 2 விக்கெட் போயிருந்தது. நானா டீவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சீனியை அள்ளிக் கொட்டிச் சுற்றித் தந்தார். வீட்டில் அம்மா சரையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நானாவுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். அரவிந்த டி சில்வா அன்று அடித்த 107 ஓட்டத்தில் எங்களுக்கும் ஒரு பிடி சீனி.

2022 பொருளாதார நெருக்கடியில் அவரோடு சண்டை போட்டேன். பால்மாவுக்கு ஊரெல்லாம் கியூ, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத காலம். "பால்மா முடிஞ்சுது மகள்" என்று என்னைத் திருப்பி அனுப்பினார். நான் படியிறங்கும்போதே பின்னால் வந்தவருக்கு மேசைக்குக் கீழிருந்து 400 கிராம் பக்கட் ஒன்று போனது. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு வந்தேன். அந்த வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருப்பது எனக்குத் தெரியாது. கொப்பி வைத்திருந்தவருக்கு எந்த வீட்டில் என்ன வாங்குகிறார்கள் என்று தெரியாமலா இருக்கும்? இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் போனேன். நானா எதுவும் கேட்கவில்லை, பாணை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வருடம் முழங்கால் ஏலாமல் கடையை மூடினார். மகன்மாருக்கு அதில் விருப்பமில்லை. இப்போது அங்கே போன் திருத்துகிறார்கள். மூடுவதற்கு முதல் நாள் கணக்குத் தீர்க்கப் போனேன். குழாயைப் பிடுங்கி இருபது வருடமாகியும் பக்கத்தின் தலையில் அதே பெயர், தண்ணிப் பைப்படி வீடு. 1,140 ரூபாய். சரியாகக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் எண்ணினார்.